செத்த ராசாவுக்கு ஒரு குடை

ஒரு மனிதரை மடையராக்க ஊரே ஒன்றுசேர்ந்து உழைத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கொலோன் நகரத்துத் தமிழ்ச் சனம் அப்படி உழைத்தது. தமிழ்ப் பூசைக்குப் பிறகு கதிரை அடுக்கக் கூப்பிட்டால் நாரி நோகிறது, சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வேலை நேரம் என்று சாட்டுச் சொல்கிற அதே சனம், இன்னாசித்தம்பியை ஏமாற்றுகிற காரியத்தில் மட்டும் ஒரு வாய் தவறாமல் இரகசியம் காத்தது. நம்மவரால் இரகசியம் காக்க முடியாது என்று யார் சொன்னது? நல்ல காரியத்துக்குத்தான் முடியாது.

இன்னாசித்தம்பிக்கு அப்போது ஐம்பது வயது. ரைன் ஆற்றோரம் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறைக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் யாழ்ப்பாணக் கடற்கரையில் அவருடைய ஊரில், அந்தோனியார் பெருநாளுக்குக் கூத்துப் போட்டால் ராசாப்பாட்டு அவருக்குத்தான். அதில் மறுபேச்சில்லை. தலையில் மணிமுடியும் தோளில் கண்ணாடி பதித்த புயமும் காலில் சதங்கையுமாக வந்து நின்று, அவர் வரவுப் பாட்டை எடுத்தால் பாய்களில் படுத்திருந்த பிள்ளைகள் எழும்பிக் குந்திவிடுவார்கள். வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய பக்கத்து ஊர்ச் சம்மாட்டியார் ஒருவர் அப்படி ஒரு கூத்துக்குத் தன் மகளோடு வந்திருந்தார். அடுத்த மாதமே கலியாணம் பேசி வந்துவிட்டார்.

"பெட்டை உன்ரை ராசாப்பாட்டைப் பாத்திட்டுத்தான் தம்பி ஓம் எண்டவள்" என்றார் சம்மாட்டியார். அந்த ஒரு வசனத்தை இன்னாசித்தம்பி வாழ்நாள் முழுவதும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் என்று ஒரு பழமொழி இருக்கிறது. தன்னுடைய மனுசி கொறற்றிக்கு அந்தக் கரைச்சல் இல்லை, அரசனும் புருசனும் ஒரே ஆள்தான் என்று சாராயம் குடித்த நாட்களில் கூட்டாளிகளிடம் சொல்வார்.

பிறகு சண்டை வந்தது. அவர் முதலில் தனியாக ஜெர்மனிக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. கொறற்றி ஊரில் நின்றாள், பிறகு இடம்பெயர்ந்தாள், பிறகு கொழும்பில் ஒரு அறையில் கிடந்தாள். இவர் இங்கே விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, அவளைக் கூப்பிட அனுமதி எடுப்பதற்குள் இளமை என்று எஞ்சியிருந்ததும் போய்விட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அவள் வந்து இறங்கியபோது, கையில் பூங்கொத்தோடு நின்ற இவரைத் தாண்டி நடந்து போனாள். பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். இவருக்கு முன்மண்டையில் மயிர் இல்லை, மேல்வரிசைப் பல்லு கட்டியது, மேலில் பழைய எண்ணெய் மணம். அவள் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள்.

கடிதங்களில் அவர் தன்னை "ஹோட்டல் குசினியில் பொறுப்பு" என்று எழுதியிருந்தார். சட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு, அதில் பொய்யில்லை. வந்து சில கிழமைக்குள் ஒருநாள் வீட்டுத் திறப்பை மறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போன கொறற்றி, வழி விசாரித்து ஹோட்டலின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டாள். ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர் தின்று மிச்சம் விட்டதை வாளிக்குள் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார் ராசா. அவள் திறப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அரிசி முடிந்தது, உப்பு முடிந்தது என்பதற்கு மேல் அவரோடு பேச்சில்லை. பேசினாலும், பேருந்துக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவரோடு பேசுகிற மாதிரித்தான். சிரிப்பு மருந்துக்கும் கிடையாது.

அவள் ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஒரு முறை, ஒரே ஒரு முறை அவள் தன்னைப் பழைய ராசாவாகப் பார்த்துவிட்டால் போதும் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கர்த்தரிடமும் அதைத்தான் கேட்டார். கர்த்தர் டக்ளஸை அனுப்பிவைத்தார்.

டக்ளஸுக்குப் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. மிளகாய்த்தூள், கருவாடு, ஒடியல்மா, வாடகைக்கு வீடியோக் கசெற். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் படம் பிடிக்கிறவனும் அவனே. அவனுக்கு ஒரு சொந்தப் படம் எடுக்க ஆசை வந்துவிட்டது. என்ன படம்? நாமெல்லாம் சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த அந்தச் சரித்திரப் படங்கள் இருக்கின்றனவே, வாளை உருவிக்கொண்டு மதிலில் ஏறுகிற இளவரசன், தூணுக்குப் பின்னால் விம்முகிற இளவரசி, ஒரு பக்கத்துக்குக் குறையாமல் வசனம் பேசிவிட்டுச் சாகிற அரசன், அதையெல்லாம் கேலி பண்ணி ஒரு பகிடிப் படம். கார்னிவல் முடிந்த கையோடு கொலோன் கடைகளில் வேஷச் சாமான் பாதி விலைக்கு விழும். இறகு வைத்த தொப்பி, பிளாஸ்ரிக் வாள், ஒற்றைக்கண் மறைப்பு, ஒட்டுமீசை என்று ஒரு வண்டி சாமான் அள்ளிவந்தான். இளவரசன் யூட்சன். அவன் இன்னாசித்தம்பியின் ஊர்ப் பெடியன், பொதிக் களஞ்சியத்தில் வேலை, கண்ணாடி கண்ட இடத்தில் எல்லாம் தலைமயிர் கோதுகிறவன். இளவரசி டக்ளஸின் மைத்துனி பிறின்சி. ராசா மட்டும் இல்லை.

"இன்னாசியண்ணையைக் கேளன்" என்றான் யூட்சன். "மனுசன் ஊரிலை ராசாப்பாட்டு. அப்பிடியே ஆடும், பாடும்."

"பகிடி செய்வாரே?"

"பகிடியோ? அவருக்குப் பகிடியெண்டாலே என்னெண்டு தெரியாது."

டக்ளஸுக்கு அதுதான் பிடித்தது. கெட்டவன் என்றாலும் தொழில் தெரிந்த கெட்டவன். "பகிடிக்காரன் பகிடி விட்டா சனம் அரைவாசிதான் சிரிக்கும்" என்றான். "பகிடியெண்டு தெரியாதவன் செய்தாத்தான் வயிறு நோகும். அவருக்கு ஒருத்தரும் சொல்லப்படாது."

அப்படியே ஒருவரும் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் டக்ளஸே சொன்னான், சொல்லிவிட்டு உதட்டில் விரல் வைத்தான். அவர்கள் தங்கள் வீட்டில் சொல்லி விரல் வைத்தார்கள். கொறற்றி வந்து கொஞ்சக் காலம், அவளோடு கதைக்க இன்னும் ஒருவரும் இல்லை. ஆகவே அவளுக்கும் தெரியாது.

டக்ளஸ் ஒரு கேக்கும் கையுமாக வீட்டுக்கு வந்தான். "அண்ணை, யாழ்ப்பாண அரசைப் பற்றி ஒரு சரித்திரப் படம் எடுக்கிறம். வீரமார்த்தாண்ட ராசன் எண்டு கதை. பறங்கியோடை சண்டை பிடிச்சுச் சாகிறவர். உங்களைத் தவிர வேறை ஆருக்கு ஏலும் சொல்லுங்கோ?"

"நான் மேடை விட்டு எத்தினை வருசம் தம்பி" என்றார் இன்னாசித்தம்பி. ஆனால் அவர் கண் டக்ளஸில் இல்லை. குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கொறற்றி, "ராசா" என்ற சொல்லுக்குத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தாள். அந்த ஹோட்டல் பின்பக்கத்துக்குப் பிறகு அவள் தானாக அவரைப் பார்த்தது அதுதான். அவருக்கு அது போதும்.

"வாறன்" என்றார்.

வேடத்துக்கு ஒப்புக்கொண்ட உடனேயே மனிதர் ஊர்முறைப்படி நோன்பில் இறங்கிவிட்டார். இறைச்சி இல்லை, சிகரெட் இல்லை, கட்டிலை விட்டு நிலத்தில் படுக்கை. ராசாவின் முடி தலையில் ஏறுகிறவன் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் சட்டம். டக்ளஸ் நீட்டிய கார்னிவல் பிளாஸ்ரிக் முடியை அவர் தொடவும் மாட்டேன் என்றார். காட்போட் மட்டை வெட்டி, ஹோட்டலில் கழித்துவிட்ட சிவப்புத் திரைச்சீலை ஒட்டி, நத்தார் மரத்துக் கண்ணாடி உருண்டைகளை உடைத்துப் பதித்து, தானே ஒரு முடி செய்தார். அதைத் தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்தும் எடுத்தார். சாமியார் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பின்வரிசை வாங்குகளில் இருந்த சனம் தெரிந்துகொண்டு முழந்தாளில் நின்றது, தோள்கள் குலுங்கக் குலுங்க. பூனைக்கு விளையாட்டு, சுண்டெலிக்குச் சீவன் போகுது என்பார்கள். இங்கே சுண்டெலி தானே நோன்பிருந்து, மணியும் கட்டிக்கொண்டு வந்தது.

ரைன் ஆற்றுக்கு மேலே ஒரு குன்றில் இடிந்த கோட்டை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர் நாயோடு நடக்கிற இடம். அங்கேதான் படப்பிடிப்பு. நல்ல கமெராவும் அதைப் பிடிக்கிற கையும் டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்தன. ரகுநாதன் என்று, அங்கே பொறியியல் படிக்கிற இந்தியத் தமிழ்ப் பையன். கமெரா அவனுடையது. சினிமாப் பைத்தியம், டக்ளஸின் கடைக்கு முறுக்கு வாங்க வந்து மாட்டிக்கொண்டவன்.

பறங்கிப் படை வந்து வரிசையாக நின்றது. இறகுத் தொப்பி, சரிகைக் கோட்டு, ஒருவனுக்கு ஒற்றைக்கண் மறைப்பு, இன்னொருவன் தோளில் துணிக்கிளி.

"தம்பி, கிளி என்னத்துக்கு?" என்று கேட்டார் இன்னாசித்தம்பி.

"கப்பலிலை வந்தவங்கள் எல்லே அண்ணை" என்றான் டக்ளஸ்.

அதுவும் சரிதான் என்று பட்டது அவருக்கு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரை ஏமாற்றுவதில் கெட்டித்தனம் எங்கே இருக்கிறது? ஆனாலும் எல்லாரும் தங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் வரவு. அவர் கண்ணை மூடி, நெற்றியில் சிலுவை போட்டு, குரலை எடுத்தார். சட்டி கழுவிக் கழுவி ஈரத்தில் ஊறிய நெஞ்சிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று தெரியாது. கோட்டை மதிலில் பட்டுத் திரும்பிவந்தது. நாயோடு வந்த வெள்ளைக்காரர்கள் நின்று கேட்டார்கள். கால் நிலத்தில் விழுந்த விழுகையில் பழைய தாளம் அச்சுப் பிசகாமல் இருந்தது. பிறின்சி மட்டும் ஒரு கணம் சிரிப்பை நிறுத்தி நின்றாள். பிறகு யூட்சன் அவளுக்குக் கண்காட்ட, அவளும் சிரித்தாள்.

ரகுநாதன் டக்ளஸின் காதோரம் போனான். "சார், அவர் சீரியஸா பண்றாரு. அவர்கிட்ட சொல்லிடலாமே. பாவமா இருக்கு."

"சொன்னாப் படம் செத்துப்போம்" என்றான் டக்ளஸ். "நீர் கமெராவைப் பாரும்."

அவன் கமெராவைப் பார்த்தான்.

மத்தியானம் சாவுக் காட்சி. யூட்சனின் பிளாஸ்ரிக் வாள் பறங்கித் தளபதியின் தொப்பியில் சிக்கி வளைந்துகொண்டிருக்க, இன்னாசித்தம்பி ராசா நெஞ்சில் குத்துப்பட்டு, மண்ணை அள்ளி முகர்ந்து, கண்ணீர் விட்டு, நாட்டையும் நாயகியையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துப் பாடிச் சாய்ந்தார். கண்ணீர் நிசமான கண்ணீர். அதில் ராசாவுக்கு எவ்வளவு, சட்டி கழுவுகிறவருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு ஊர் வழக்கம் சொல்லவேண்டும். அவர்களுடைய ஊர்க் கூத்தில் செத்த ராசா தானாக எழும்பக்கூடாது. உரித்துள்ளவர் ஒருவர் வந்து, தீர்த்தம் தெளித்து, ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைபிடித்துத் தூக்கவேண்டும். தானாக எழும்பினால் ஆடின சாவு வீட்டுக்குக் கூடவந்துவிடும் என்று நம்பிக்கை. அப்படி அவசரப்பட்டு எழும்பிப் போன ஒருவர் அடுத்த கிழமை கடலில் மூழ்கிப் போனதாகவும் கதை உண்டு. கலியாணத்துக்குப் பிறகு அந்த உரிமை கொறற்றியுடையது. தலையைக் குனிந்தபடி செம்போடு மேடைக்கு வந்து அவரை எழுப்பிக்கொண்டு போவாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வழக்கம் ஜெர்மனியில் கோட்டைக்கு வந்த கூட்டத்தில் அவரைத் தவிர ஒரேயொருவனுக்குத்தான் தெரியும், கொறற்றி அன்று வந்திருக்கவில்லை. யூட்சன் அதை டக்ளஸுக்குச் சொன்னான். டக்ளஸ் கமெராவை நிறுத்தவேண்டாம் என்று ரகுநாதனுக்குக் கைகாட்டிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போனான். அங்கே வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாளில் கட்டிய புரியாணி இருந்தது.

ராசா கிடந்தார். மழை தூறத் தொடங்கியது. அவர் எழும்பவில்லை. நெற்றியில் பூசிய சாயம் கரைந்து காதுக்குள் ஓடியது. ஒரு நாய் வந்து முகத்தை நக்கியது, நக்கிவிட்டு முடியிலிருந்த கண்ணாடிச் சில்லைக் கடித்துப் பார்த்தது. அவர் அசையவில்லை. யாராவது உரித்துள்ள பிள்ளை தண்ணீர் தேடுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். மதிலுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. பெடியள் சந்தோசமாக இருக்கிறார்கள், காட்சி நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி வந்தாள். குனிந்து, சுகமில்லையா என்று கேட்டாள். செத்தவர் எப்படிப் பதில் சொல்வது? நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள், ஒருபக்கமாகக் கமெராவையும் பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ, தன்னுடைய பூப்போட்ட குடையை விரித்து அவருடைய தலைமாட்டில் நிலத்தில் ஊன்றி வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு இறங்கிப் போனாள். கடைசியில் வீரமார்த்தாண்ட ராசனுக்கு ஒரு கொற்றக்குடை கிடைத்தது. அந்தக் கோட்டையில் அன்று மனிதராக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான், அவளுக்குத் தமிழும் தெரியாது.

சாப்பாடு முடிந்த பிறகு யூட்சன் கையில் போத்தலோடு வந்தான். "இன்னாசி, எழும்பும்" என்று சொல்லி முகத்தில் தெளித்தான். தெளித்தது பியர். மணம் மூக்கில் அடித்தது. ஆனாலும் வழக்கத்தை நினைவு வைத்து ஒரு பெடியன் வந்து நிற்கிறானே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "சுகமாயிரு மோனை" என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

திரும்பி வரும் புகையிரதத்தில் ரகுநாதன் அவருக்கு எதிரே இருந்தான். மூன்று தரிப்பு தாண்டும்வரை வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அங்கிள், ஒரு விஷயம்..."

"சொல்லுங்கோ தம்பி. நான் செத்தது வடிவா வந்திருக்கே? எங்கடை ஆள் பாக்கப் போறா. அதுதான் கேக்கிறன்."

பையன் ஜன்னலைப் பார்த்தான். "ரொம்ப நல்லா வந்திருக்கு அங்கிள்" என்றான். படித்த பிள்ளை. நாளைக்கே டார்ம்ஸ்டாட்டுக்குப் போய் அவன் தன் பாட்டில் இருந்துவிடலாம், கொலோனில் ஒருவரும் அவனைத் தேடப்போவதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு பங்கு மண்டபத்தில் படம் காட்டினார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டி, மேடையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்து, எங்கோ இரவல் வாங்கிய புரொஜெக்டர் வைத்து ஏற்பாடு. இன்னாசித்தம்பி கோட்டு சூட்டில் வந்தார். கொறற்றியை நீலப் பட்டு உடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார், அவளும் உடுத்தியிருந்தாள். டக்ளஸ் இருவரையும் முன்வரிசையில் நடுவே இருத்தினான். பின்னால் சனம் நெரிந்தது. பூசைக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள்.

வரும் வழியில் அவர் அவளிடம் சொல்லியிருந்தார்: "ஊரிலை பாத்த மாதிரியே இருக்கும். குரல் கொஞ்சம் இறங்கிப்போச்சுது, மற்றும்படி அதுதான்." அவள் "ம்" என்றாள்.

விளக்கு அணைந்தது. எக்காளம் முழங்கியது, முழங்கி முடிவதற்குள் ஒரு ஆடு கத்தியது. "ராசா வாறார், விலத்துங்கோ" என்று கொட்டை எழுத்தில் படத்தின் பேர் விழுந்தது. அவருக்குச் சொல்லியிருந்த பேர் அது இல்லை. சனம் கைதட்டியது. பறங்கிப் படையும் கிளியும் வந்தபோது சனம் சிரித்தது. பறங்கியைப் பார்த்துச் சிரிக்கத்தானே வேண்டும் என்று அவரும் கொஞ்சம் சிரித்தார்.

பிறகு அவருடைய வரவு. டக்ளஸ் அதை வேகமாக ஓடவிட்டிருந்தான். அவருடைய குரல் எலிக்குஞ்சின் குரலாகக் கீச்சிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் கார்னிவல் முரசு ஒன்று டும்மென்று அடித்தது. நெற்றியில் சிலுவை போட்ட கை திரும்பத் திரும்பப் பத்துத் தரம் சிலுவை போட்டது. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. யாரோ கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் விழுந்தார்கள். இப்போதுதான் இன்னாசித்தம்பிக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது: கேக், கிளி, மதிலுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு, பியர். ஒன்றுவிடாமல் எல்லாம்.

எழும்பிப் போயிருக்கலாம். முன்வரிசையின் நடுவிலிருந்து எழும்பினால் வெளிச்சத்தில் அவருடைய நிழல் படத்துக்கு மேல் விழும், அதற்கும் சிரிப்பார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி மனுசியைப் பார்த்தார்.

கொறற்றி சிரிக்கவில்லை. மடியில் கை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் சிரிக்காத வாய்கள் இரண்டு, அதில் ஒன்று அவளுடையது. இன்னாசித்தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. போகட்டும், ஊர் சிரிக்கட்டும், இவளுக்குத் தெரியும். இது என்ன பாட்டு, என்ன ஆட்டம், எப்படிப்பட்ட ராசா என்று இவளுக்குத் தெரியும். அவர் மெதுவாக அவளுடைய கைக்கு மேல் தன் கையை வைத்தார். அவள் இழுக்கவில்லை.

பாதிப் படம் அப்படியே போனது. அவரைப் பொறுத்தவரை, அந்தக் கை அசையாமல் இருக்கும்வரை திரையில் என்ன ஓடினாலும் சரிதான்.

சாவுக் காட்சி வந்தது. டக்ளஸ் இதை வேகமாக்கவில்லை. அப்படியே விட்டிருந்தான், அதுதான் அவனுடைய தொழில். ராசா செத்தார். கிடந்தார். இன்னும் கிடந்தார். மழை பெய்தது. சனம் முதலில் சும்மா இருந்தது, பிறகு ஒருவர் கிக்கென்றார், பிறகு பத்துப் பேர். நாய் நக்கியது. கிழவி வந்தாள், குனிந்தாள், குடையை ஊன்றினாள், போனாள். பூப்போட்ட குடைக்குக் கீழே வாய் கொஞ்சம் திறந்தபடி ராசா. கட்டுப்பல்லில் மழைத்துளி விழுந்து, பல்லு மெல்லக் கழன்று ஒரு பக்கமாகச் சரிந்தது. அது அவருக்கே அன்று தெரியாது.

அவருடைய கைக்குக் கீழே கொறற்றியின் கை நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். ஏன் அவர் எழும்பாமல் கிடக்கிறார் என்று இந்த மண்டபத்தில் அவளுக்கும் தெரியுமல்லவா, யாருக்காகக் காத்துக் கிடக்கிறார் என்று தெரியுமல்லவா. "பரவாயில்லை, விடும்" என்று சொல்ல அவள் பக்கம் சரிந்தார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை உருவி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து பீறிட்டது. பிறகு கையையும் எடுத்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, நீலப் பட்டு குலுங்க, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, மண்டபத்திலேயே பெரிய சிரிப்பாகச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவள் சிரிக்கிறதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். எத்தனை மாதமாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க அவர் கர்த்தரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கேட்டது கிடைத்தது.

விளக்குப் போட்டதும் சனம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஆண்கள் அவருடைய முதுகில் தட்டினார்கள். பெண்கள் கொறற்றியைச் சுற்றிக்கொண்டார்கள். அதுவரை பூசையில் கண்டால் முகத்தைத் திருப்பியவர்கள், "அக்கா, உங்கடை மனுசன் எல்லே, எங்களுக்கு வயிறு புண்ணாப்போச்சுது" என்று கையைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வாருங்கோ என்றார்கள், தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். கொறற்றியின் முகம் விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. அவளை அவர்களுக்கு இப்போது தெரியும். அவள் ராசாவின் பெண்சாதி.

டக்ளஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அண்ணை, கோவிக்காதேங்கோ. சொல்லியிருந்தா இப்பிடி வந்திராது. கனடாவிலையிருந்தே கசெற் கேப்பாங்கள். ரண்டாம் பாகம் எடுப்பம். ராசா உயிர்த்தெழும்பி வந்து திரும்பச் சாகிறார்."

இன்னாசித்தம்பி அவனைப் பார்த்தார். அவருடைய வாயில் "ஏலாது" என்ற சொல் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டு இவர்கள் எல்லாருடைய முகத்திலும் காறித் துப்பிவிட்டு நடந்துவிடலாம் என்று இருந்தது.

"அவர் நடிப்பார் தம்பி" என்றாள் கொறற்றி. "நீங்கள் நாளைச் சொல்லுங்கோ."

எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திராமில் போனார்கள். வெளியே இன்னும் நல்ல வெயில். அவள் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். அவள் தனக்குள் நினைத்து நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டார்.

"நீர் ஏன் சிரிச்சனீர்?"

"சிரிப்பு வந்தது, சிரிச்சனான்."

"ஊரிலையும் இதே பாட்டுத்தானே. இதே ஆட்டம்தானே. அப்ப ஒருநாளும் நீர் சிரிக்கேல்லையே."

கொறற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, வஞ்சம் இல்லை. ஜெர்மனிக்கு வந்த பிறகு முதன்முதலாக அவரோடு மனம்விட்டுக் கதைத்தாள். "அப்பவும் சிரிப்புத்தான் வந்தது" என்றாள். "ஐயா பக்கத்திலை இருந்தவர். சிரிச்சா முதுகுத் தோலை உரிச்சுப்போடுவார். தாவணித் தலைப்பை வாய்க்குள்ளை வைச்சுக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்."

திராம் ஒரு வளைவில் திரும்பியது. அவர் முன் கதிரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பாத்திட்டு ஓம் எண்டனீர் எண்டு மாமா சொன்னவர்."

"என்னை ஆர் கேட்டது? ஐயா சொன்னார், நான் வந்தனான்."

"பிறகு? தீர்த்தம் கொண்டு வரேக்கை?"

"அதுதானே தலையைக் குனிஞ்சுகொண்டு வாறனான். நிமிந்தா உங்கடை முகத்தைப் பாத்து வெடிச்சிடுவன் எண்ட பயம்." அவளுக்கு அதை நினைத்தும் சிரிப்பு வந்தது. "அந்தக் காலத்திலையிருந்து அடக்கி வைச்ச சிரிப்பப்பா. இண்டைக்குத்தான் ஒருத்தருக்கும் பயப்பிடாமச் சிரிச்சனான்."

இறங்குவதற்கு இன்னும் இரண்டு தரிப்பு இருந்தது. இன்னாசித்தம்பி எழும்பிப் போய்க் கதவடியில், கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோளை அவள் பின்னாலிருந்து தொட்டாள். அவளும் எழும்பி வந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் ஆசையாக, "ரண்டாம் பாகத்திலை எப்பிடிச் சாகிறியள் எண்டு அந்தப் பெடியன் சொன்னவனே?"